சளி பிடித்த குரல்

மகளுக்கு,

அன்றைக்கு அந்த அறையில் இருந்தவர்கள்: பங்குச் சந்தையைக் கண்காணிக்கும் அலுவலகத்து அதிகாரியம்மா, பேசுவதையெல்லாம் தட்டச்சு செய்தவர், புரோக்கர், அவனுடைய வக்கீல், நான். நீ வரவில்லை. தலைவலி என்றாய்.

உன் அப்பா விட்டுப்போன பங்குகளை என்னைக் கேட்காமலே விற்று, ஒன்றுக்கும் உதவாத கம்பெனியில் போட்டுத் தொலைத்தான் என்றுதான் புரோக்கர்மேல் புகார் கொடுத்தேன். அதிகாரியம்மா என் பக்கம்தான் இருந்தாள். "பயப்படாதீங்கம்மா. நீங்க சம்மதிச்ச போன் பதிவு அவங்ககிட்ட இல்லைன்னா அவர் லைசென்ஸ் போயிடும், உங்க பணமும் திரும்பி வரும்" என்றாள்.

வக்கீல் பதிவைப் போட்டுக் காட்டினான். ஒருத்தி தன் பெயர் என்று என் பெயரைச் சொல்லி, "எல்லாத்தையும் வித்துடுங்க" என்றாள். சொல்லிவிட்டு மூக்கை இரண்டு தரம் உறிஞ்சினாள். ஆறு வயதில் உனக்குத் தொற்றிய பழக்கம். எத்தனை வைத்தியம் பார்த்தேன்!

"இது உங்க குரலாம்மா?" என்று அதிகாரியம்மா கேட்டாள்.

இல்லை என்றால், வேறு யார் என்று கேட்பார்கள். நீ ஜெயிலுக்குப் போனால், பேத்திக்குக் காலையில் தலைபின்ன ஆள் வேண்டுமே.

"என் குரல்தான். அன்னிக்குச் சளி பிடிச்சிருந்துச்சு" என்றேன்.

புகார் தள்ளுபடியானது. வெளியே புரோக்கர், "படி இருக்கு, பாத்து இறங்குங்க பாட்டி" என்றான்.

அவன் உனக்கு என்ன கொடுத்தான் என்று நான் கேட்கப்போவதில்லை. அவனுக்குத் திருட்டே பிழைப்பு. அவனைக்கூட ஒருநாள் மன்னித்துவிடுவேன். சாகும்வரை மன்னிக்க முடியாதவள் ஒருத்திதான். அன்றைக்கு அந்த அறைக்கு வராதவள்.

உன்னைப் பெற்றவள்