சிப்ளாக்கட்டைச் சத்தம்

ஸ்ரீவில்லிபுத்தூர், மார்கழி 9

காலையில் வீட்டில் பஜனை. மாமா கையில் சிப்ளாக்கட்டை. இந்த மரத்துண்டுக்கு இம்புட்டுச் சத்தமா என்று பக்கத்து வீட்டு அக்கா கேட்டார்.

"மராட்டியத்துல இருந்து கதை சொல்ல வந்தவிய தஞ்சாவூருக்குக் கொண்டாந்தது. சளசளன்னு பேசுற கூட்டம் ஒரே தட்டுல திரும்பணும்லா, அதுக்குத்தான்" என்று மாமா ஓங்கித் தட்டினார்.

எல்லோரும் திரும்பினோம். மடியிலிருந்த என் பத்து மாதப் பிள்ளை மட்டும் என் வளையலையே உருட்டிக்கொண்டிருந்தான்.

மதியம் அவன் தூங்கும்போது தொட்டிலருகே நானே தட்டிப் பார்த்தேன். அடுப்படியிலிருந்து அத்தை ஓடி வந்தார்.

"ஏட்டி, கூறு இருக்கா? பிள்ளை முழிச்சிரப் போறான்!"

அவன் அசையவில்லை. அத்தை குனிந்து அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு கட்டையை என் கையிலிருந்து வாங்கி, என்னைவிடப் பலமாகத் தட்டினார்.