உன் ஆள் யார், அண்ணா?

அன்புள்ள அண்ணனுக்கு,

நானும் உன் மருமகளும் நலம். உன் முட்டிவலி தேவலையா? ஊருக்கெல்லாம் நீ ஃபாதர்; எனக்கு அண்ணன்தான். அதனால் சுற்றி வளைக்காமல் கேட்கிறேன். என்னைக் கண்காணிக்க யாரை வைத்திருக்கிறாய்?

சிரிக்காதே. அத்தனை பேர் மண்டியிட்டுச் செபித்தும் என் வீட்டுக்காரர் பிழைக்கவில்லை. இனிமேல் கோயில் வாசலை மிதிக்க மாட்டேன் என்றேன். "சரி, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன்" என்று நீயும் வாக்குக் கொடுத்தாய். அதை நம்பித்தான் இருந்தேன். வேலை, டிவி, தூக்கம் என்று மண்டையில் வேறெதுவும் ஏறாமல் பார்த்துக்கொண்டேன்.

இப்போது தியேட்டரில் ஓடுவது அடிதடிப் படம். அதில்கூட நடுவில் ஒரு அம்மா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றுகிறாள். அந்த மணிச்சத்தம் என் பாப்கார்ன் கடைவரை வரும். உடனே மெஷினைப் போட்டுவிடுவேன். சோளம் பொரிகிற சத்தத்தில் எதுவும் கேட்காது. நேற்று படம் ஓட்டும் ஆபரேட்டர் வந்து, "என்னக்கா, மணி அடிச்சாலே மெஷினப் போட்டுடுறீங்க? பாப்கார்ன் வாங்க ஆளே இல்லையே!" என்கிறான். அவனுக்கு எதற்கு இந்த ஆராய்ச்சி? உன் ஆள்தானே?

வீட்டுக்கு வந்தால் கால்பந்து. கோல் போட்டவன் மண்டியிட்டுச் சிலுவை அடையாளம் போட்டுக்கொள்கிறான். சேனலை மாற்றினால் வினாடி வினா. சேவல் கூவுமுன் இயேசுவை மறுதலித்த சீடர் யார் என்று கேள்வி. போட்டிக்கு வந்தவன் திருதிருவென்று முழிக்கிறான். "பேதுருடா, மடையா!" என்று கத்திவிட்டேன். சுவருக்கு அந்தப் பக்கம் தையல்காரம்மா சிரித்தாள். அவள் மேலும் எனக்கு ஒரு கண் இருக்கிறது.

ஆனால் இதற்கு நீ பதில் சொல்லியே ஆகவேண்டும். ஞாயிற்றுக்கிழமை உன் மருமகள் செல்போனில் யாரையோ சுட்டுத் தள்ளிக்கொண்டிருந்தாள். சாப்பாட்டுத் தட்டை வைத்ததும் விளையாட்டை நிறுத்தினாள், போனைக் கவிழ்த்தாள், கண்ணை மூடி உதட்டை அசைத்தாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "மாமா சொல்லிக் குடுத்தாரா?" என்று அதட்டினேன்.

"இல்லம்மா, அப்பா சொல்லிக் குடுத்தது. தினமும்தான் பண்றேன். நீ டிவியப் பாத்துக்கிட்டே தட்டு வைப்ப, அதான் தெரியல" என்றாள். பிறகு ஒரு வாய் சாப்பிட்டுவிட்டு, "உனக்கும் சேத்துதான் சொல்றேன்" என்றாள்.

என் கண்ணெதிரிலேயே, அண்ணா! அடுப்படிக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன்.

ஆபரேட்டரை விசாரித்தேன். உன்னை அவனுக்குத் தெரியவே தெரியாதாம். தையல்காரம்மா, "உங்களுக்கு அண்ணன் வேற இருக்காரா?" என்கிறாள். அதனால் எனக்கு ஒரு உதவி செய். எல்லாம் உன் ஏற்பாடுதான் என்று இரண்டு வரி எழுதிப் போடு, பொய்யாக இருந்தாலும் பரவாயில்லை. உன்னோடு சண்டை போடுவது எனக்குப் பழக்கம். நீ இல்லையென்றால் நான் யாரோடு சண்டை போடவேண்டும் என்பது எனக்குத் தெரியும். அதற்கு இன்னும் தெம்பு வரவில்லை.

முட்டிக்குத் தைலம் தேய்த்துக்கொள். எனக்காக மண்டியிட்டு அதை இன்னும் கெடுத்துக்கொள்ளாதே. நாற்காலியில் உட்கார்ந்தே சொல், போதும்.

உன் தங்கை