நாற்பத்தொன்றாவது குறை

அன்பு மகள் வாலுக்கு,

இடிந்த அரண்மனையின் கடைசி இளவரசன், உன் சித்தப்பா எழுதுவது. கூரை தலையில் விழாத வரைக்கும் நான், உன் அப்பா, அம்மா மூவரும் சுகம். வேளைக்குச் சாப்பிடுவதாகப் போனில் நீ விடும் பொய்யெல்லாம் அங்கே நிஜமாகவே நடக்கட்டும்.

ஊர்க்கோடியில் வயலைப் பார்த்தபடி நூறு வருஷமாகக் குந்தியிருக்கும் நம் வீட்டை வாங்க ஒருவழியாக ஆள் அமைந்துவிட்டது. அப்பாவின் முழங்காலுக்கு இருபத்திரண்டு படி ஆகாது, லிஃப்ட் உள்ள வீடாகப் பாருங்கள் என்று ஆறு மாதமாக நச்சரித்தவள் நீதான், அதனால் முதல் பழி உனக்கு. தென்றல் வரிசையில் நின்று உள்ளே வரும் மாளிகை என்று நான் விளம்பரம் கொடுத்தேன். உன் அப்பா என்ன செய்தார் தெரியுமா? ஆயுசு முழுக்கப் பள்ளிக்கூட இன்ஸ்பெக்டராக இருந்து குறை கண்டுபிடித்தே சம்பளம் வாங்கியவர் அல்லவா, வீட்டின் குறைகளை நாலு பக்கத்துக்கு எழுதி, பார்க்க வருகிறவர்கள் கையில் ஆளுக்கொரு பிரதி திணித்தார். மொத்தம் நாற்பத்தொன்று. பதினேழாவது நான். ‘மாடியில் குறட்டை விடும் தம்பி, காலி செய்து தரப்படும்.’ முதலில் பார்க்க வந்த ஜவுளிக்கடைக்காரர் ஒருவர் இரண்டாம் பக்கத்திலேயே ஓடினார், அவர் போட்ட ஓட்டத்தில் வயலில் மேய்ந்த கொக்கெல்லாம் வேறு ஜில்லாவுக்குக் குடிபோயின. வீட்ட விக்கிறீங்களா இல்ல அது மேல கேஸ் போடுறீங்களாண்ணே என்று கேட்டேன். பொய் சொல்லி வித்தா வாங்குனவங்க தினம் நம்மளத் திட்டிக்கிட்டேதான்டா படுப்பாங்க என்றார்.

போன வாரம் மாட்டு டாக்டரம்மா ஒருவர் வந்தார். பட்டியலை நின்றபடியே படித்து முடித்துவிட்டு, சரிங்கய்யா, இத்தன வருஷமா இதெல்லாம் நீங்க எப்படிச் சமாளிச்சீங்க என்று கேட்டார். இதுவரை ஒருத்தரும் கேட்காத கேள்வி. அப்பாவுக்கு முழங்கால் மறந்துபோயிற்று. மழை கிழக்கே அடித்தால் எந்தப் படியில் வாளி வைப்பது, எந்த ஜன்னலுக்குப் பழைய செருப்பை முட்டுக் கொடுப்பது என்று மூன்று மணி நேரம் பாடம் நடத்தினார். கொல்லைக் கதவைத் தோளால் தூக்கி அடியில் ஓர் உதை விட வேண்டும் அல்லவா, உன் அம்மாவுக்கே அது கைவர மூன்று வருஷம் ஆனது. படுத்த மாட்டைத் தூக்கி நிறுத்திய தோள், அந்தம்மாவுக்கு முதல் உதையிலேயே திறந்தது. அப்பா பட்டியலைத் திரும்ப வாங்கிச் சட்டைப்பையில் மடித்து வைத்துக்கொண்டு, இவங்களுக்கு இது வேணாம்டா என்றார்.

ஆனால் நாற்பத்தொன்றாவது குறை தீரவில்லை. ‘மாடி வடக்கு அறை, சாவி மகளிடம்.’ நாலு வருஷம் முன்னால், சித்தப்பன் கதைப்புத்தகம் திருடுவான் என்று பூட்டிச் சாவியோடு போனாயே, அதுதான். திருடியது உண்மைதான், பதினொன்று. பூட்டுக்காரரை நேற்றுக் கூட்டி வந்தேன். இரண்டு நிமிஷ வேலை என்றார் அவர். அப்பா கதவை மறித்து நின்றுகொண்டார். அவ பூட்டுனது, அவளே வந்து தொறக்கட்டும் என்கிறார். மாதக் கடைசியில் வீட்டைக் கையில் கொடுக்க வேண்டும், டாக்டரம்மாவும் எத்தனை நாள் பொறுப்பார்.

உன் அம்மா சொல்லாதே என்றதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் மூவரின் புழக்கமும் கீழ்த்தளத்தில்தான், நான்கூடப் படுக்க மட்டுமே ஏறுகிறேன். அப்பாவின் முழங்கால் போனது எதனால் என்று நினைக்கிறாய்? ஞாயிறுதோறும் துணியும் வாளியுமாக அத்தனை படியும் ஏறி, உன் கதவின் வெளிப்பக்கத்தைத் துடைத்துவிட்டு இறங்குகிறார். உள்ளே துடைக்க வழியில்லை.

நூறு வயசு இரு, இந்த வீட்டை விடக் குறைச்சலான குறைகளோடு. ஒன்றை மறக்காதே, சாவியைக் கூரியரில் அனுப்பினால் கையெழுத்துப் போட்டு வாங்கிக் கிணற்றில் எறிந்துவிடுவேன். உன் கையால் கொண்டு வா.

இப்படிக்கு,
பதினேழாவது குறையான
உன் சித்தப்பா