வராத நிலநடுக்கத்துக்குச் சம்பளம்

மே 12, 2024

சத்யபிரியாவைப் பெண் கேட்டுக் கடம்பூர் போய்வந்தேன். அவள் அப்பா கோபாலசாமிக்குப் போளிக்கடை.

"மாப்ள என்ன வேல பாக்குதீங்க?"

"கயத்தாறு பக்கம், நிலநடுக்கம் கண்காணிக்கிற நிலையத்துல."

"இங்கன நிலநடுக்கம் வருமா?"

"பெரிசா வராது."

"வராததுக்கா சம்பளம் வாங்குதீங்க?"

ஏழு வருஷம் படித்தவன், அரை டஜன் போளி வாங்கிக்கொண்டு பஸ் ஏறினேன்.

மே 19

மறுபடி போனேன். விளக்கினால் புரியும் என்று நினைப்பு. போளியை இருபக்கமும் தள்ளி மடித்துக் காட்டினேன் — பூமியின் மேலோட்டை இப்படி நெருக்கினால் மலை. பிறகு கடலைமிட்டாயை வளைத்தேன். மடங்கத் தெரியாத பாறை அழுத்தத்தைத் தாங்கித் தாங்கி ஒருநாள் பொட்டென்று உடையும். உடைந்த இடம் பிளவு, அந்த உதறல்தான் நிலநடுக்கம்.

கவனமாகக் கேட்டார். பிறகு மலையை எடுத்துத் தின்றார்.

"கரிசக்காடு கோடைக்குக் கோடை வெடிக்குது. அதுக்கு யாரு சம்பளம் கேட்டா? மழ பேஞ்சா மூடிக்கிடும். பொண்ணு விஷயம் பொறவு பாப்போம்."

அது மேல்மண், இது ஆழத்தில் என்று சொல்ல வாயெடுத்தேன். உள்ளறை வாசலில் நின்று சத்யபிரியா வேண்டாம் என்று தலையாட்டினாள்.

மே 24

சின்னதாக ஒன்று, ஓடுகூட நகராத அளவுக்கு, வரட்டுமே என்று வேண்டிக்கொண்டேன். வெட்கமாக இருக்கிறது.

மே 27

கருவி துடித்தது! குதித்தேன். கல்குவாரியில் வெடி வைத்தார்களாம்.

ஜூன் 9

சங்கரன்கோவிலில் மாப்பிள்ளை பார்க்கிறார்களாம், ஜவுளிக்கடை. ஜவுளி தினமும் விற்கும். நான் என்ன செய்ய? அவள் இல்லாமல் என்னால் முடியாது.

ஜூன் 16

சத்யபிரியா போன் செய்தாள். அப்பாவிடம் கேட்டாளாம்: "அவிய கயத்தாறுக்கு வந்து மூணு வருசம் ஆச்சு. ஒரு தடவையாவது ஆடிச்சாப்பா?"

அவர் தட்டிக்கொண்டிருந்த போளியை அப்படியே விட்டுவிட்டு, "அட, ஆமாட்டி!" என்றாராம்.

"இது அறிவியலே இல்லையே, பிரியா."

"உங்களுக்குப் பொண்ணு வேணுமா, அறிவியல் வேணுமா?"

ஜூலை 3

இன்று நிஜமான அதிர்வு. மிகச் சிறியது, மனிதர் யாருக்கும் தெரிந்திருக்காது. மூன்று வருஷமாக இதற்குத்தான் காத்திருந்தேன். பெண் கொடுக்க அவர் சம்மதித்த பிறகா வந்து நிற்க வேண்டும்! தலைமை அலுவலகத்துக்கு அனுப்பிவிட்டேன். கடம்பூருக்குச் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 30

கல்யாணம் முடிந்தது. பந்தியில் மாமா என்னை வரிசையாக எல்லோரிடமும் கூட்டிப்போனார். "நம்ம மருமகன். இந்தப் பக்கம் நிலநடுக்கம் வராமப் பாத்துக்கிடுதது இவியதான்."

ஒரு பெரியவர் பாதிச் சாப்பாட்டில் எழுந்துவிட்டார். "உங்க புண்ணியத்துலதான் நிம்மதியாத் தூங்குதோம், தம்பி" என்று எச்சில் கையோடு கும்பிட்டார்.

நானும் கும்பிட்டேன்.