ஏறி இறங்கும் பாரம்

ஹேடோ, போர்ட் பிளேர்
9-7-1968

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை ஜெயமணி வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கே எல்லோரும் சுகம். அண்ணிக்குக் கால் வீக்கம் வடிந்ததா? நாளைக்கு மழை விட்டு விமானம் கிளம்பினால் இது உங்கள் கைக்குச் சீக்கிரம் வரும். அதனால் நலம் விசாரிப்பை இத்தோடு நிறுத்துகிறேன், கோபிக்காதீர்கள்.

கப்பல் அணையும் ஜெட்டியிலிருந்து கிடங்குக்குப் போகும் புதுப் பாதைதான் எங்களைப் படுத்துகிறது. கீழே முழுக்கக் கண்டல் காட்டுச் சேறு. வெறும் மண்ணைக் கொட்டினால் தன் கனத்திலேயே அமிழ்ந்துவிடும் என்று, மரமில்லிலிருந்து மரத்தூள் வாங்கி, மண்ணும் சிமெண்டும் சேர்த்துப் பிசைந்து லேசாகப் போட்டார் உங்கள் மாப்பிள்ளை. இந்த ஊரில் பாரம் என்றால் மரம்தானே? லாரியைப்போல இரண்டு மடங்கு கனத்துக்குப் படாக் மரக்கட்டைகளை மேலே அடுக்கி ஒரு மாதம் விட்டுவைத்தார்கள். ஒரு கீறல் இல்லை. தேங்காய் உடைத்தார்கள். எனக்கும் பெருமை தாங்கவில்லை.

லாரி ஓட ஆரம்பித்த பிறகுதான் வினை. ஒவ்வொரு வண்டிக்கும் பாதை துளி அமுங்குகிறது, பிறகு முழுதாக மேலே வருவதில்லை. சும்மா கிடக்கும் கட்டை வேறு, ஏறி ஏறி இறங்கும் சக்கரம் வேறு என்பது அப்போதுதான் இவருக்கு உறைத்தது. ஓடைப் பக்கம் விரல் நுழையும் அளவுக்கு வெடிப்பு. உடனே பாதையை மறித்துவிட்டார்.

வெள்ளிக்கிழமை மெட்ராஸ் கப்பல் வருகிறது. அரிசி அதில்தான் வரவேண்டும். பழைய பாதையை மழை கொண்டுபோய்விட்டது. தலைச்சுமையாக இறக்கலாம் என்று இவர் கெஞ்சினார். அதுவரை கப்பல் காத்திருக்குமா, அத்தனை கட்டையைத் தாங்கிய பாதை லாரியைத் தாங்காதா என்று பெரிய அதிகாரி சத்தம் போட்டாராம். அவரையும் குறை சொல்ல வாய் வரவில்லை. ரேஷன் கடையில் காலி மூட்டைகளை உதறிக்கொண்டிருக்கிறார்கள். டிரைவர் நாகமுத்து மட்டும், “சாப், அந்த ரோட்டுல வண்டி எடுக்க எனக்கு ஹிம்மத் இல்ல, பயமா இருக்கு. நாளைக்கே நௌக்ரி போனாலும் சரி” என்று சொல்லிவிட்டார்.

அப்படியானால் முதல் லாரியை நானே ஓட்டுகிறேன், நான் போட்ட பாதையில் இன்னொருவனை ஏற்றிவிட்டுக் கரையில் நிற்கமாட்டேன் என்று எழுந்து வந்துவிட்டார் உங்கள் மாப்பிள்ளை. வீட்டுக்கு வந்து ரசம் நன்றாக இருக்கிறது என்று இன்னொரு கை சாதம் வாங்கிச் சாப்பிடுகிறார். நான் இதை எழுத உட்கார்ந்துவிட்டேன்.

இங்கிருந்து அனுப்பிய பாதைக் கலவைக் கட்டிகளை உங்கள் கல்லூரி மெஷினில் ஏற்றி இறக்கிப் பார்த்ததில், ஒரே தடவையில் தாங்கும் பாரத்தில் பாதிக்கே அவை நொறுங்குகின்றன என்று போன கடிதத்தில் எழுதினீர்கள். உங்கள் பேராசிரியர் பம்பாயிலிருந்து வந்து கையெழுத்துப் போடும்வரை இந்த முடிவை வெளியே விடாதே என்றும் எழுதினீர்கள். இவரிடம் காட்டினேன். இதை அதிகாரியிடம் நீட்டினால் மச்சான் வேலைக்கு வேட்டு என்று மடித்து என் கையிலேயே கொடுத்துவிட்டார். அவருக்குத் தெரியும் அண்ணா. தெரிந்துதான் ஏறப்போகிறார். உங்கள் கட்டுப்பாட்டுக்கும் இவர் ரோஷத்துக்கும் நடுவில் நான் எரிந்து சாகிறேன்.

பாதை லாரியைத் தாங்காது என்று அதிகாரி பெயருக்கு நீங்களே தந்தி அடியுங்கள். கல்லூரி என்ற வார்த்தை இருந்தால் போதும், அவர் கேட்பார். பேராசிரியர் கோபித்தால் அவர் வீட்டு வாசலில் வந்து நான் மன்னிப்புக் கேட்கிறேன். வேலை போனால் வேறு வேலை கிடைக்கும் என்று எழுதக் கை கூசுகிறது. இருந்தாலும் எழுதிவிட்டேன்.

எப்போதும் கடிதத்தின் கடைசியில் தீர்க்க சுமங்கலியாக இரு என்று எனக்கு ஆசி எழுதுவீர்கள். இந்தத் தடவை அதைக் கடிதத்தில் எழுத வேண்டாம். வெள்ளிக்கிழமைக்குள் தந்தியில் அனுப்புங்கள்.

உங்கள் காலைத் தொட்டுக் கேட்கும்
ஜெயமணி