ப்ரீசரும் பதினாறு வீட்டு வெளிச்சமும்

டயகம
2004 மார்ச் 21

அன்பு மகள் சிவதர்சினிக்கு அப்பா எழுதுவது,

நானும் அம்மாவும் நலம். அம்மாவின் முழங்கால் வலி மட்டும் மாறவில்லை. அந்த ஒஸ்லோ பனியில் நீயும் சுகமாக இருப்பாய் என்று நம்புகிறோம். பாண் ரொட்டியை மட்டும் தின்று நாளை ஓட்டாதே, சோறு ஆக்கிச் சாப்பிடு.

இந்த முறை ஊர்ச் செய்தி அங்கே மின்சார அலுவலகத்தில் நீ பார்க்கிற வேலையோடு சம்பந்தப்பட்டது. ஓடையில் நாங்கள் வைத்த சின்ன மின்சார நிலையம் வெளிநாட்டு உதவிக் கடனில் வந்தது உனக்குத் தெரியும். நம் கடையோடு சேர்த்துக் கடைத்தெருவில் பன்னிரண்டு வீடு, தேயிலைத் தோட்டத் தொழிலாளர் இருக்கிற கீழ் லயத்தில் பதினாறு வீடு. இந்த மின்சாரச் சங்கத்தின் தலைவர் நான். நீ போனில் சொன்னபடி, ஒரு இணைப்புக்கு நூறு வாட்டுக்கு மேல் கூடாது என்று விதி எழுதியதும் நான்தான். மாசியில் தண்ணீர் இறங்கியதும், பொழுது சாய்கிற நேரம் பல்ப் எல்லாம் மஞ்சளாகி அணைய ஆரம்பித்தது. லயத்து ஆட்கள் களவாகத் தண்ணீர் சுடவைக்க ஹீட்டர் போடுகிறார்கள் என்று கடைக்காரர்கள் எல்லோரும் சொன்னார்கள், நானும் சேர்ந்து சொன்னேன். நான் பிறந்ததும் அதே லயத்தில்தான், அது அந்த நேரம் ஞாபகத்துக்கு வரவில்லை. பதினாறு வீட்டு இணைப்பையும் வெட்டுவதாகத் தீர்மானம் எழுதிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டுதான் கூட்டத்துக்குப் போனேன்.

அன்றைக்கென்று கடன் கொடுத்தவர்களின் அதிகாரி ஒருவர் நேபாளத்து எஞ்சினியர் அம்மாவோடு வந்து இறங்கினார். அந்த அம்மா தங்கள் நாட்டு மலைகளில் இதுபோல நிறையக் கட்டியவராம். வெட்டுவதற்கு முன் வீடு வீடாக அளந்து பார்ப்போம் என்றார். லயத்தில் பல்பும் ரேடியோவும் தவிர ஒன்றும் அகப்படவில்லை. எங்கள் சங்கத்தில் லயத்துக்காகப் பேசுகிற பேச்சியம்மா உடனே, எங்க வீட்டுச் சட்டி பானை வரைக்கும் பாத்துட்டீங்க, தலைவரு கடையையும் ஒரு எட்டு பாத்துட்டுப் போங்களேன் என்றாள்.

கடையில் விற்கிற யோகட் தயிரை வைக்க மாசியில் ஒரு ப்ரீசர் வாங்கினேன். இந்தக் குளிரில் அது எங்கே வேலை செய்யப்போகிறது, சும்மா பெட்டி மாதிரி நிற்கும் என்றுதான் நினைத்தேன் மகள். எஞ்சினியர் அம்மா மீட்டரை வைத்தார். நாலு வீட்டு மின்சாரத்தை அது ஒன்றே இழுக்கிறது, ஒவ்வொரு முறை ஓட ஆரம்பிக்கும்போதும் மெஷின் திணறி நிற்கிறது என்றார். பேச்சியம்மா விடுவாளா? ஒங்க யோகட்டுக்கு வேர்க்கக் கூடாதுன்னுதானா மொதலாளி நாங்க ஒரு மாசமா இருட்டுல கெடந்தோம் என்று கேட்டாள். சனம் முழுதும் சிரித்தது. நான் பையிலிருந்த தீர்மானத்தை அங்கேயே கிழித்துப் போட்டேன், வேறு வழியும் இல்லை.

கொழும்பில் மின்சாரத்துக்குப் புதுச் சட்டம் வருகிறது, அரசாங்கத்தின் பெரிய மின்கம்பி இங்கே வந்தால் ஒழுங்காக நடக்கிற சங்கம் மிச்ச மின்சாரத்தை அதற்கு விற்கவும் வழி வரலாம் என்றார் அந்த அதிகாரி. எழுதித் தாருங்கள் என்றேன், சிரித்துவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். யோகட் வியாபாரம் போனதில் எனக்கு வருத்தம்தான், பொய் சொல்லமாட்டேன். வயரைக் கழற்றிவிட்டு ப்ரீசரில் இப்போது கருவாடு வைத்திருக்கிறேன், பூனைத் தொல்லை இல்லை. லயத்தில் பதினாறு வீட்டிலும் விளக்கு எரிகிறது.

மாரியம்மன் உனக்கு ஒரு குறையும் வைக்கமாட்டாள். கம்பளிச் சட்டை இல்லாமல் வெளியே போகாதே. ஒன்றை மட்டும் மறக்காமல் கேட்டு எழுது: உங்கள் அலுவலகத்தில் விதி எழுதுகிறவருடைய வீட்டை யார் அளந்து பார்க்கிறார்கள்? இங்கே சனிக்கிழமைதோறும் பேச்சியம்மா, எஞ்சினியர் அம்மா விட்டுப்போன மீட்டரோடு நம் கடைக்கு வருகிறாள்.

உன் அப்பா
சிவசாமி