மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டிய குழாய்

பாசமுள்ள என் சின்னண்ணாவுக்கு,

நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. நாமிருவர் இருந்த ஓர்ஸ் ஹில் வீட்டில் இப்போது நான் மட்டும். என் ஈரல் முழுதாக வளர்ந்துவிட்டதாம், போன கிழமை ஸ்கேன் பார்த்த டொக்டர் சந்தோசமாகச் சொன்னார். எனக்கு எரிச்சல்தான் வந்தது.

உங்களுக்கு வெட்டித் தந்த ஈரல் துண்டிலும் ஒரு பிழை இல்லை. ஆமிக்கும் இயக்கத்துக்கும் சண்டை நின்றிருந்த காலத்தில் சென்னைக்குப் போய் மாற்றினோம், நன்றாகத்தான் வேலை செய்தது. என் பித்தக் குழாயை உங்களுடையதோடு பொருத்திய இடம்தான் பிறகு சுருங்கியது. கண் மஞ்சளாகி, உடம்பெல்லாம் சொறிந்து சொறிந்து தவித்தீர்கள். கொழும்பில் வாய்வழியாகக் கமரா விட்டு, சுருங்கிய இடத்தைச் சிறு பலூனால் விரித்து, பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வைத்தார்கள். மூன்று மாதத்துக்கு ஒருமுறை மாற்றாவிட்டால் அது அடைத்துக் கிருமி பிடிக்கும் என்று டொக்டர் இரண்டு தரம் சொன்னார்.

நீங்களோ சிரித்தீர்கள். "ஊருக்கெல்லாம் தண்ணிக் குழாய் அடைப்பெடுத்தவனுக்கு இதையும் படிப்பிக்கோணுமோ?"

இரண்டு தரம் ஒழுங்காகப் போய் மாற்றினோம். மூன்றாம் தரம் போகும்போது சண்டை திரும்பத் தொடங்கியிருந்தது. கப்பல்துறைப் பக்கத்தில் ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து, உங்கள் சேர்ட்டைத் தூக்கிப் பார்த்தார்கள். வயிற்றின் குறுக்கே அவ்வளவு பெரிய தழும்பு. "எங்க சண்டை? எப்ப காயம்?" என்று கேட்டார்கள். சென்னை ஆஸ்பத்திரிக் கடிதத்தை நீட்டினேன், ஒருவரும் வாசிக்கவில்லை. எனக்கும் அதே தழும்பு இருக்கிறது என்று சொல்லப் பயமாக இருந்தது. பின்னேரம்தான் விட்டார்கள், அதுவும் கொழும்புக்கல்ல, திரும்பி வீட்டுக்கு.

"இனி அந்தப் பக்கம் ஏலாது, தங்கச்சி" என்றீர்கள்.

"ஓம், ரெண்டு கிழமை பொறுப்பம். நிலைமை அடங்கட்டும்" என்றேன்.

இந்த ஊரில் எல்லோரும் சொல்கிற கதைதானே அது. கல்யாணம், கூரை வேலை, சல்லிக் கோயில் நேர்த்திக்கடன், எல்லாவற்றையும் அப்படிச் சொல்லித்தான் தள்ளிப் பழகியிருக்கிறோம். உங்கள் குழாயையும் அதோடு சேர்த்துத் தள்ளிவிட்டேன். இரண்டு கிழமை ஐந்தானது. நடுக்கத்தோடு காய்ச்சல் வந்த அன்று ஊரடங்கு. மறுநாள் இங்குள்ள ஆஸ்பத்திரியில் அந்தக் கமரா இல்லை என்று அம்புலன்சில் ஏற்றினார்கள். கொழும்பு போய்ச் சேருமுன் நீங்கள் போய்விட்டீர்கள்.

அன்று பஸ்ஸை மறித்தவர்களை நான் மன்னிக்கப் போவதில்லை. ஆனால் பொறுப்பம் என்று சொன்னவள் நான். அதை நீங்கள் ஏன் கேட்டீர்கள், அண்ணா? வழக்கமாக என் சொல்லைக் கேட்கிற ஆளா நீங்கள்?

நேற்று கமலா வந்தாள், உங்களோடு வேலை செய்தவரின் மனைவி. அவருக்குப் பித்தக் கல், அதே மாதிரிக் குழாய் வைத்து மூன்று மாதம் முடிகிறது. "நிலைமை அடங்கின பிறகு போவம் எண்டு பாக்கிறம், அக்கா" என்றாள். உங்களிடம் கத்தியிருக்க வேண்டியதையெல்லாம் அவளிடம் கத்தினேன். பாவம், அழுதுவிட்டாள்.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அவர்களோடு நானும் போகிறேன். மறித்தால் இறங்கி நின்று பேசுவேன். திருப்பி அனுப்பினால் செவ்வாயும் போவோம், புதனும் போவோம். உங்களைத் திருப்பி அனுப்பியபோது மட்டும், அடுத்த நாள் நான் உங்களைக் கூட்டிக்கொண்டு திரும்பப் புறப்படவில்லை.

உங்களைப் பொறுக்கச் சொன்ன
தங்கச்சி